ஊர் இல்லாத காசு: சின்ன ஏலங்களும் சங்க கால வரலாறும்

1

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் பழங்காசு ஏலம். பெரிய ஏலக் கம்பெனி எதுவும் அல்ல. இரண்டு மூன்று வியாபாரிகள் சேர்ந்து நடத்துவது. முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் ஒரு மேசை, அதன்மேல் தட்டுகளில் எண் போட்ட சின்னச் சின்ன உறைகள். வந்திருந்தவர்களில் பாதிப் பேரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். பாங்க் குமாஸ்தா, ரிடயர்டு வாத்தியார், எலக்ட்ரிக் கடைக்காரர், புதுசாய் இரண்டு காலேஜ் பையன்கள்.

"லாட்டு முப்பத்தேழு. சேரர் செம்புக்காசு. சதுரம். முன்பக்கம் யானை, பின்பக்கம் வில் அம்பு. கரூர் அமராவதி ஆத்துக்காசு. ஐந்நூறுலேர்ந்து கேளுங்க."

தட்டு என் கைக்கு வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடது கீழ் மூலை உடைந்திருந்தது. யானையின் முதுகில் மெல்லிய கீறல். அந்தக் கீறல் என்னுடையது. களிம்பை எடுக்கிறேன் என்று குண்டூசியால் சுரண்டிப் போட்ட கீறல். 1993 வாக்கில் மதுரையில், யானைக்கல் தரைப்பாலத்துக்குக் கீழே, வைகை மணலை அரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் இருபது ரூபாய் கொடுத்து வாங்கிய கைப்பிடிக் காசுகளில் ஒன்று அது. எட்டு வருஷம் வைத்திருந்துவிட்டு ஒரு வியாபாரியிடம் கொடுத்து, பதிலுக்கு இரண்டு ரோமானியச் செப்புக்காசு வாங்கிக்கொண்டேன். அது கை மாறிக் கை மாறி, இப்போது கரூர்க்காசாகி என் முன்னால் வந்து நின்றது.

காசு போலியில்லை. யானை அசல், வில் அம்பு அசல். ஊர்தான் பொய்.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாலாயிரத்து இருநூறுக்குப் போயிற்று. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அடுத்த லாட்டு.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது என் ஒருத்தனுடைய கோழைத்தனம் மட்டும் என்றால் எழுதவேண்டியதில்லை. நம்முடைய பழைய வரலாற்றின் ஒரு பெரிய பகுதி இந்த மௌனத்தின்மேல் கட்டப்பட்டிருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

2

முதலில் ஒரு சங்கடமான உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். சங்க கால அரசர்களின் பெயர் பொறித்த காசுகள் நமக்குத் தெரியவந்தது பெரும்பாலும் அகழாய்வுக் குழியிலிருந்து அல்ல. கடைவீதியிலிருந்து.

'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (2021இல் காலமானார்) 1980களின் நடுவில், மதுரையில் விலைக்கு வாங்கிய காசுகளில் ஒரு சதுரச் செம்புக்காசில் தமிழ் பிராமி எழுத்துகளைக் கண்டார். குதிரைக்கு மேலே 'பெருவழுதி' என்று வாசித்தார். அதுவரை சங்கப் பாடல்களிலும் பிற்காலச் செப்பேட்டிலும் பெயராக மட்டும் இருந்த பாண்டிய மரபுக்கு ஒரு காசு கிடைத்தது. பிறகு அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து வந்தவை என்று 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்ற பெயர்களும் தலை உருவமும் கொண்ட வெள்ளிக்காசுகள், 'கொல்லிப்புறை' என்ற பெயருள்ள செம்புக்காசுகள். 1997இல் வந்த அவருடைய சங்க கால நாணய நூல் இவற்றைத் தொகுத்துக் கொடுத்தது. சங்க அரசர்கள் சொந்தமாகக் காசு அடித்தார்களா என்று அதற்கு முன்னால் சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. அந்த மனிதர் வாங்கியிருக்காவிட்டால், வாங்கியதைப் படித்திருக்காவிட்டால், அவை செம்பு விலைக்கு உருகியிருக்கும். ஆனால் இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. கடைவீதியில் வாங்கிய காசுக்கு ஊரைச் சொல்வது யார்? விற்கிறவர். அவருக்கு யார் சொன்னது? அவருக்கு விற்றவர். இந்தச் சங்கிலியின் மறுமுனையில் மணல் அரித்த கை இருக்கிறது. அந்தக் கையை எந்த நூலும் பதிவு செய்வதில்லை. 'கரூர் ஆற்றுப்படுகையில் கண்டெடுக்கப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் முடித்துவிடுகிறோம். யாரால் கண்டெடுக்கப்பட்டது? எந்த வளைவில்? எத்தனை அடி ஆழத்தில்? கூட என்ன கிடந்தது? எல்லாவற்றையும் அந்த வினைமுற்று விழுங்கிவிடுகிறது.

இது நாம் ஆரம்பித்ததும் இல்லை. வால்டர் எலியட் தென்னிந்தியக் காசுகளைப் பற்றி 1880களில் நூல் எழுதினார். லோவெந்தால் என்ற பாதிரியார் 1888இல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி எழுதினார். டஃப்னல் என்ற ராணுவ அதிகாரி 1889இல் தென்னிந்தியாவில் காசு சேகரிப்போருக்கென்றே ஒரு கையேடு போட்டார். அதிகாரி, பாதிரி, கேப்டன் என்று அதிகாரத்தில் இருந்தவர்கள்தான் முதல் சேகரிப்பாளர்கள். எலியட்டின் காசுகள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. காசில் ராஜா பெயர் இருக்கும், காசைப் பற்றிய நூலில் துரை பெயர் இருக்கும், எடுத்தவன் பெயர் எங்கும் இருக்காது. நாணயவியல் என்ற சொல்லாடல் நம்மிடம் இந்த வடிவத்தில்தான் வந்தது. வெள்ளைக்காரர்கள் போன பிறகும் வடிவம் மாறவில்லை.

3

சரி, சேகரிப்பாளர்கள் என்ன சொல்கிறார்கள்? அவர்களை எளிதாகத் திருடர் கூட்டம் என்று ஒதுக்கிவிடுவது நம் தோழர்களுக்குப் பிடித்தமான காரியம். அது நியாயமில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கேட்டவரைக்கும் வரிசையாய்ச் சொல்கிறேன்.

ஒன்று, "நாங்க இல்லேன்னா உருக்கியிருப்பாங்க." இது முழு உண்மை. பாத்திரக்கடையில், தட்டார் பட்டறையில், பழைய பித்தளை எடைக்கு எடுக்கிற இடத்தில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு கிராம் கூட வராத பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள், மிளகாய் விதையைவிடச் சற்றுப் பெரிசாய், கிலோக் கணக்கில் சாக்கில் கிடந்தன. மதுரையிலும் கரூரிலும் இவை ஏராளமாய்க் கிடைத்தவை. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டில் ரோமோடு வணிகம் அற்றுப்போகவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி. சாட்சியை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு, "சிலை மாதிரி ஒண்ணே ஒண்ணா இது? ஆயிரக்கணக்குல அடிச்ச காசு சார்." இந்த வாதம் அமெரிக்காவில் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது. 2009இல் அங்குள்ள சேகரிப்பாளர் அமைப்பு ஒன்று, சட்டத்தைச் சோதிப்பதற்காகவே சீனா, சைப்ரஸ் நாட்டுப் பழங்காசுகள் 23ஐ பால்டிமோர் துறைமுகம் வழியாக வரவழைத்தது. சுங்கத்துறை பறிமுதல் செய்தது. வருஷக்கணக்கில் வழக்காடியும் அமைப்பு தோற்றது. காசு அன்றைக்கே ஊர் ஊராய்ப் போனதுதானே, இன்றைக்குப் போனால் என்ன என்பது அவர்கள் கட்சி. இங்கேதான் சறுக்கல். காசு அன்று எங்கெங்கே போயிற்று என்பதுதான் வரலாற்றுக்கு வேண்டிய செய்தி. அது கடைசியாகத் தங்கிய இடம் அழிந்தால் அந்தப் பயணமும் அழிகிறது.

மூன்று, "மியூசியத்துல குடுத்தா பூட்டி வச்சிருவாங்க." இதற்கும் பதில் சொல்லச் சங்கடப்படுகிறேன். மாவட்ட மியூசியங்களின் இருப்பறைகளில் படிக்கப்படாமல் கிடக்கும் காசுகளைப் பற்றி ஆராய்ச்சி மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நான்கு, எனக்கு மிகப் பிடித்தது: "சின்ன ஏலத்துலதான் காசைக் கையில எடுத்துப் பாக்கலாம்." பெரிய ஏலங்களில் வழவழத் தாளில் அட்டவணை, வண்ணப்படம், கேட்ட விலைக்கு மேல் கமிஷன். அங்கே பணம்தான் பேசும். சின்ன ஏலத்தில் கொஞ்சம் படிப்பும் பேசும். காசைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்கலாம். விளிம்பில் அச்சு சேர்ந்த கோடு தெரிந்தால் வார்ப்புப் போலி. மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்தாலும் அப்படியே. நகத்தால் கீறினால் உதிர்கிற பச்சை, நேற்று ஏற்றின பச்சை. பழைய தேய்ந்த காசிலேயே புதிதாய் எழுத்துச் செதுக்கி விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. எழுத்தின் பள்ளத்துக்குள் களிம்பு இல்லாமல் செம்பு பளிச்சென்றால் கையை எடுத்துவிட வேண்டும். தராசு கொண்டுவருகிறவரும் இருக்கிறார்.

இதைவிட, 'கலவை லாட்டு' என்று ஐம்பது அறுபது தேய்ந்த காசை ஒரே உறையில் போட்டு வைப்பார்கள். விற்கிறவருக்கே என்னவென்று தெரியாது. அதில் ஒன்றின் ஓரத்தில் அரை எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து ஊறப்போட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அரை எழுத்து 'கோ' என்று தெரியும்போது ஏற்படுகிற நடுக்கத்தை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். பாங்க் குமாஸ்தாவும் எலக்ட்ரிக் கடைக்காரரும் பிராமி எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டது எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. இந்த உறைகளுக்காகத்தான். வரலாற்றைப் படிக்கும் உரிமை பட்டம் பெற்றவனுக்கு மட்டும் உரியது இல்லை என்று வாதாடுகிற நாம் இதை மதிக்கவேண்டும்.

ஆனால் அதே ஹாலில் வேறு காரியங்களும் நடக்கும். முன்கூட்டியே நாலு பேர் பேசிவைத்துக்கொண்டு ஒருவரை மட்டும் கேட்கவிட்டு, பிறகு டீக்கடையில் பங்கு பிரிப்பார்கள். இந்தப் பக்கம் விற்பவரே ஆள் உட்காரவைத்து விலையை ஏற்றுவார். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. அடுத்த மாசமும் அதே ஹாலுக்குத்தானே வரவேண்டும்.

4

இப்போது ஊர் விஷயத்துக்கு வருவோம். ஊர் பெயர் தெரியாததால் அப்படி என்ன குறைந்துவிடும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காசில் அரசன் பெயர் இருக்கிறதே, போதாதா?

புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் 1898இல் ஒரு ரோமானியத் தங்கக்காசுப் புதையல் கிடைத்தது. 501 காசுகள். கடைசிக்காசு வெஸ்பாசியன் காலத்தது, அதாவது கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதி. ஆகவே அதற்குப் பிறகுதான் புதைத்திருக்கிறார்கள். இது தெரிவது எப்படி? மொத்தமும் ஒன்றாய் இருந்ததால். இன்னொன்று, அந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசனின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. ஒரு காசில் வெட்டு இருந்தால் விபத்து. நூற்றுக்கணக்கில் இருந்தால் அது ஒரு செயல். காசாகச் செல்லக்கூடாது, தங்கமாக மட்டுமே எடைக்குச் செல்லவேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். வேற்றரசன் முகத்தை மறுத்த செயல் என்றும் வாசிக்கலாம். அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். விவாதிக்க முடிகிறது என்பதுதான் முக்கியம்.

அந்த 501ம் இன்றைய ஒரு சின்ன ஏலத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகும்? வெட்டுப்படாத நல்லது தனித்தனி லாட்டாகும். வெட்டுப்பட்டது 'டேமேஜ்' என்று பாதி விலைக்கு, ஐந்தைந்தாய். பத்து ஊருக்குச் சிதறும். வரலாற்றுச் சான்றாக இருந்த வெட்டு, விலைக் குறைப்புக்கான காரணமாய் மாறிவிடும். மார்க்ஸ் சரக்கின் மாய்மாலம் என்று சொன்னதை இவ்வளவு துல்லியமாய் விளக்கும் உதாரணம் வேறு எனக்குக் கிடைக்கவில்லை. மனிதர்களுக்கிடையே நடந்த ஒன்று, பொருளின் 'கண்டிஷன்' என்று ஆகிவிடுகிறது.

கரூருக்கு வருவோம். சேரர் தலைநகர் வஞ்சி எது, கரூரா, கேரளக் கடற்கரையில் கொடுங்கல்லூர்ப் பக்கமா என்று போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பண்டிதர்கள் ஏடு ஏடாய் எழுதிச் சண்டை போட்டார்கள். இலக்கிய வரிகளைக் கொண்டு நடந்த சண்டை அது. பிறகு அமராவதிக் காசுகள் வரவர தராசு கரூர்ப்பக்கம் நன்றாகச் சாய்ந்தது. நான் கரூரை மறுக்கவில்லை. பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேர இரும்பொறைகளைச் சொல்லும் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அங்கேயே கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் தன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறான். பாறை நகராது. அதற்கு ஒரு விலாசம் உண்டு. யாரும் புகளூர்க் கல்வெட்டை மதுரைக் கல்வெட்டு என்று சொல்லி ஏலம் விடமுடியாது.

காசு நகரும். நகர்வதற்கென்றே செய்தது. அதனால்தான் அது எங்கே கிடந்தது என்பதைக் கூடுதல் கவனத்தோடு எழுதவேண்டும். நாம் நேர்மாறாகச் செய்கிறோம். 'கரூர்' என்ற சொல் சந்தையில் ஒரு முத்திரையாகிவிட்டது. கரூர் என்று உறையில் எழுதினால் சேரர் காசுக்கு விலை கூடும். ஆகவே வைகையில் கிடைத்ததும் கரூராகிறது, நொய்யல் கரையில் கிடைத்ததும் கரூராகிறது. அப்புறம் நாளைக்கு ஒருவர் ஆய்வேட்டில், "சேரர் காசுகள் மிகுதியும் கரூரிலேயே கிடைப்பதால்" என்று தொடங்குவார். சந்தை எழுதிய பிரதியைச் சான்றாக எடுத்து, அதே சந்தைக்கு மதிப்பைத் திருப்பிக் கொடுப்பார். என் கீறல் விழுந்த காசு வைகையில் கிடைத்தது என்ற சின்னச் செய்தி, சேரர் செம்புக்காசு பாண்டிய நாட்டுத் தலைநகரில் புழங்கியிருக்கலாம் என்ற கேள்வியை எழுப்பக்கூடியது. அந்தக் கேள்வி நாலாயிரத்து இருநூறுக்கு விலைபோயிற்று.

பெரிய ஏலங்கள் இதைவிட யோக்கியம் என்று நினைக்கவேண்டாம். சீசர் கொலையைக் கொண்டாடி புரூட்டஸ் வெளியிட்ட தங்கக்காசு ஒன்று 2020இல் லண்டனில் சுமார் 32 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அது வந்தவழி என்று காட்டிய பத்திரம் பொய் என்று பிறகு வெளிப்பட்டு, 2023இல் அந்தக் காசைக் கிரேக்க நாட்டிடம் ஒப்படைத்தார்கள். அங்கே பொய்ப் பத்திரம் தயாரிக்க வேண்டியிருந்தது. இங்கே நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. பால்பாயிண்ட் பேனா போதும்.

5

இதற்கெல்லாம் வியாபாரியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அரசு தப்பித்துக்கொள்ளும். சட்டத்தைப் பாருங்கள்.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், வெள்ளைக்கார அரசு போட்டது. மண்ணில் மறைந்து கிடந்து எடுக்கப்படும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காவிட்டால் ஒரு வருஷம் வரை சிறை. நூறாண்டு கடந்தும் அந்தப் பத்து ரூபாய் மாறவில்லை. தெரிவித்தால் என்ன கிடைக்கும்? அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்பும் அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுக்கும். தங்கப் புதையலுக்கு அது ஏதோ தொகை. இரண்டு கிராம் செம்புக்காசுக்கு? மாக்கோதையின் பெயர் பொறித்த வெள்ளிக்கே, வெள்ளி விலைதான். எழுத்துக்கு விலை கிடையாது. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண் இந்தக் காசுக்காக மனு எழுதி, பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பாள் என்று எதிர்பார்க்கும் சட்டம் இது.

அதற்குமேல் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் (1976இல் நடைமுறைக்கு வந்தது). நூறு வருஷம் கடந்த காசு தொல்பொருள். வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் இரண்டு சட்டமும் சேர்ந்து நடைமுறையில் உண்டாக்கியது பயத்தை மட்டும்தான். பயந்தவன் முதலில் மறைப்பது ஊரை. உண்மையான ஊர் வழக்கைக் கொண்டுவரும். பேர்பெற்ற ஊர் விலையைக் கொண்டுவரும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உறைமேல் 'கரூர்' எழுதப்படுகிறது.

இன்னொரு பக்கம் மணல் லாரி. 2003இல் மணல் குவாரிகளை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும், லைசென்சோடும் இல்லாமலும், காவிரியிலும் அமராவதியிலும் வைகையிலும் பொக்லைன் இறங்கி எத்தனை ஆள் ஆழத்துக்கு அள்ளின என்பது ஆற்றோர ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த மணலில் எத்தனை காசு போயிற்று, எத்தனை பெருவழுதி எந்த அபார்ட்மெண்ட் சுவருக்குள் பூசப்பட்டான் என்று யாரும் அரித்துப் பார்க்கவில்லை. லாரிக்கு ரசீது உண்டு. ஜல்லடைக்காரி சட்டத்தின் முன்னால் திருடி.

அந்த ஜல்லடைக்காரிக்கு ஒரு அறிவு இருந்தது. அன்றைக்கு அவர் எனக்குச் சொன்னார்: "கண்ட எடத்துலயும் அரிச்சா வராது தம்பி. தண்ணி வேகங் கொறையுற எடத்துல கருமணல் எறங்கும் பாருங்க, அங்கிட்டுதான் காசும் எறங்கும். கனமானதுக்கு எல்லாம் ஒரே புத்தி." ஆற்றின் ஓட்டத்தில் எடையுள்ள துகள்கள் எங்கே படியும் என்பதைப் புவியியல் மாணவன் படித்துத் தெரிந்துகொள்வான். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தெரிந்துகொண்டவர். எந்த வெள்ளத்துக்குப் பிறகு எந்த வளைவில் எந்தச் சாதிக் காசு அதிகம் வந்தது என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. சதுரம், வட்டம், பொடிக்காசு என்று வகை பிரித்து வைத்திருந்தார். ஆற்றுப்படுகைக் காசுக்கு மண்ணடுக்கு கிடையாது, அதனால் ஆய்வுக்கு உதவாது என்று தொல்லியல்காரர்கள் சொல்வதுண்டு. அடுக்கு இல்லை, சரி. இடம் இருந்தது. இடத்தைத் தெரிந்த ஆளும் இருந்தார். கேட்க ஆளில்லை.

இங்கிலாந்தில் 1996இல் ஒரு புதையல் சட்டம் வந்தது. அதில் வரும் பொருளை மியூசியம் எடுத்துக்கொண்டால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் சந்தை மதிப்பையே கொடுக்கிறார்கள். அதில் வராத சாதாரணக் காசுகளையும் தாமாக வந்து பதிவு செய்ய 1997இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பொருளை எடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கிடைத்த இடத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். மெட்டல் டிடெக்டர்க்காரர்களுக்கு இது ஊக்கம் கொடுக்கிறது என்று அங்கேயே விமரிசனம் உண்டு. நம் மியூசியங்களைச் சூறையாடிச் சென்ற நாடு நமக்கு வழிகாட்டியா என்றும் கேட்கலாம். கேளுங்கள். ஆனால் எடுத்தவரைக் குற்றவாளியாக்காமல் அவரிடமிருந்து ஊரைக் கேட்டு வாங்க முடியும் என்பது மட்டும் அங்கே நிரூபணமாகியிருக்கிறது.

6

வால்டர் பெஞ்சமின் 1931இல் தன் புத்தகச் சேகரிப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு ஏலக் கதை வருகிறது. அவர் எதைக் கேட்டாலும் எதிரே ஒருவர் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார். அவருக்கு மிகவும் வேண்டிய புத்தகம் வந்தபோது பெஞ்சமின் தன் ஆசையை அடக்கிக்கொண்டு வாயே திறக்கவில்லை. யாரும் கேட்காமல் அது ஒதுக்கப்பட்டது. சில நாள் கழித்து சாவகாசமாய்ப் போய் அதை வாங்கிக்கொண்டார். சேகரிப்பாளனின் மௌனம் ஒரு தந்திரம், ஒரு காதல். படித்தபோது நானும் ரசித்தேன்.

காசு ஏலத்தில் என் மௌனம் அந்த வகையில்லை. நான் அந்தக் காசைத் திரும்பக் கேட்கவில்லை. வியாபாரியோடு முகம் கோணக்கூடாது, அடுத்த ஏலத்துக்கு அழைப்பு வரவேண்டும், அவ்வளவுதான். புத்தகத்துக்கு அச்சிட்ட ஊர் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. காசுக்கு ஊர் மனிதர் வாயில்தான் இருக்கிறது. அந்த வாய் மூடினால் முடிந்தது.

ஆகவே நம் நண்பர்களிடம் சில காரியங்களைக் கேட்கிறேன். சட்டம் திருந்தும்வரை காத்திருக்கவேண்டாம். வாங்குகிறபோதே ஒரு துண்டுத்தாளில் நாள், இடம், யாரிடம் வாங்கியது, அவர் சொன்ன ஊர், அதை நாம் எவ்வளவு நம்புகிறோம் என்று எழுதிக் காசோடு வையுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள், அதுவும் ஒரு செய்தி. கலவை லாட்டைப் பிரிக்கும் முன் மொத்தத்தையும் எண்ணிப் படமெடுங்கள். ஆய்வு எழுதுகிறவர்கள் 'கரூர்க் காசு' என்றும் 'கரூர் என்று விற்கப்பட்ட காசு' என்றும் பிரித்து எழுதுங்கள். இயக்கத்தில் இருப்பவர்கள் மணல் கொள்ளைக்கு எதிராக நிற்கும்போது ஆற்று நீரோடு இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஏலம் முடிந்து படியிறங்கும்போது அந்தக் காசை எடுத்த பையனைக் கூப்பிட்டேன். காலேஜ் பையன், சேர்த்துவைத்த பணத்தில் வாங்கியிருந்தான். "தம்பி, அது வைகைக் காசு. கரூர் இல்ல. நான்தான் வாங்கினேன், ரொம்ப வருஷத்துக்கு முன்னால" என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். "ஏதாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா சார்?" என்றான்.

"இல்ல."

கொஞ்ச நேரம் உறையையே பார்த்தான். பிறகு பேனா எடுத்து, 'கரூர்' என்பதை அடிக்காமல், பக்கத்தில் 'வைகை, யானைக்கல்?' என்று எழுதினான். என் பெயரையும் அன்றைய தேதியையும் கேட்டு எழுதிக்கொண்டான்.

"உங்களுக்குக் குடுத்த அந்தம்மா பேரு என்ன சார்?"

நான் அன்றைக்கு அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.